இரண்டு வரித் திருத்தம்

எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் தாள் கெட்டுப்போகும். உங்கள் எழுத்தரிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள், ஐயா. அவர் கையில் இருப்பது நூறு வருடத்து நோட்டு. மேல் மூலையைப் பிடித்து, மெதுவாகத் திருப்ப வேண்டும். முப்பத்தொரு வருடமாக நான் அப்படித்தான் திருப்புகிறேன். ஒரு தாள்கூட என் கையில் கிழிந்ததில்லை.

என்னைப் பற்றி எழுதிக்கொள்ளுங்கள். மேல் கல்லூரியில் பழந்தாள் அறைக்குப் பொறுப்பாளன். நூலகத்துக்கு மேலே, படியேறியதும் இடதுபக்கம். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து வந்த கடிதம், படம், வருகைப் பதிவு, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பையன்கள் எனக்குக் கரையான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கரையான் தாளைத் தின்னும், நான் காப்பாற்றுகிறேன். ஒரு பட்டப்பெயரைப் பொருத்தமாக வைக்கக்கூடப் புத்தி போதாத பிள்ளைகள் அவர்கள். அவர்களில் பத்தொன்பது பேரை இப்போது நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர்களிடம் இந்த அளவுக்குத் தெளிவாகப் பேச்சு வாங்க முடியாது. அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கண்ணாடிப் பெட்டியில் நீங்கள் எதைப் பார்த்து நின்றீர்கள் என்பதைக் கவனித்தேன். அதற்கும் வருவோம். எதையும் வரிசைப்படி சொன்னால்தான் எனக்கு வரும்.

போட்டியின் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதைச் சொல்ல என்னைவிட்டால் இங்கே ஆள் கிடையாது. அதை எழுதியவனே நான்தான்.

உண்மையில் நடந்ததை எழுதினால் ஒரு பக்கம்கூட வராது. எங்கள் கல்லூரியில் இடம் போதவில்லை. தெருவின் கீழ்க்கோடியில் இன்னொரு கட்டடம் எடுத்து மிச்சப் பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள். அதுதான் கீழ்க் கல்லூரி. சண்டை போட்டுப் பிரிந்தது, மானம் போய்ப் பிரிந்தது என்று நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் என் கைச்சரக்கு. பெஞ்சு பத்தாமல் பிரிந்தது, அவ்வளவுதான். அடுத்த வருடம் இரண்டு பக்கத்துப் பையன்களும் கால்பந்து ஆடினார்கள். அந்த முதல் போட்டியைப் பற்றிக் கல்லூரி ஏட்டில் நான்கே வரிகள் இருக்கின்றன. ஆளுக்கொரு கோல் அடித்திருந்தபோது பந்து முள்ளில் பட்டு வெடித்தது. வேறு பந்து இல்லை. எல்லாரும் சேர்ந்து தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

நூற்றாண்டுப் பகை என்று தொண்டை கிழியக் கத்துகிறார்களே, அதன் வேர் இதுதான். ஒரு முள்ளும் தேநீரும்.

அதற்குப் பிறகு எண்பத்தேழு வருடம் வருடத்துக்கு ஒரு தடவை ஆடினார்கள். யார் ஜெயித்தார்கள் என்று ஆடியவர்களுக்கே அடுத்த வாரம் மறந்துவிடும். எண்பத்தெட்டாவது போட்டிக்கு நானே போய்த் தலையை எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர். அதில் நான்கு பேர் மைதானத்தைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தியவர்கள்.

மறுநாள் பிரின்சிபால் என் அறைக்கு வந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால் எந்தப் பக்கம் தள்ளினாலும் நகர்கிறவர்.

"நீங்களே சொல்லுங்க, இந்த மேட்சை யாராவது பாக்கறாங்களா? நிர்வாகத்துல நிறுத்திடலாம்னு சொல்றாங்க. மேட்ச் இல்லன்னா வருஷா வருஷம் நீங்க போடற மேட்ச் மலரும் வேண்டாம். மலர் வேண்டாம்னா..." என்று இழுத்து, அறையைச் சுற்றிப் பார்த்தார். "வகுப்புக்கு இடம் பத்தலையாம். இதை எடுத்துட்டுச் சாமான்களைக் கீழ சைக்கிள் ஷெட்டுல இறக்கிடலாமான்னு கேக்கறாங்க."

சாமான்கள் என்றார். ஆயிரத்து நானூறு கட்டுத் தாளை.

"மலர்ல இந்தத் தடவை ஏதாவது சூடா எழுதுங்களேன். ஆள் வந்தா பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதைத்தான் நான் செய்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் போட்டியின் குழுப் படங்கள் இரண்டும் என்னிடம் இருந்தன. எங்கள் பக்கத்துக் கோல்கீப்பர் ஒல்லியான ஆள், படத்துக்குக் கீழே பூனை என்ற பட்டப்பெயரோடு இருக்கிறார். அடுத்த வருடப் படத்தில் அவர் இல்லை. ஏன் இல்லை என்று தேடினேன். மாற்றுச் சான்றிதழ் கிடைத்தது. வேறு ஊரில் வேலை கிடைத்ததால் விலகல் என்று போட்டிருந்தது. அதை எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். எதிரணி முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் வேண்டுமென்றே பூனையின் நெஞ்சில் உதைத்தான், மூன்றாம் நாள் பூனை ரத்தம் கக்கி இறந்தான், குற்றவாளியைக் கீழ்க் கல்லூரி ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. அந்த ஆட்டக்காரனுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கீழ்க் கல்லூரிப் படத்தில் ஓரமாக அடர்ந்த மீசையோடு ஒருவர் நின்றிருந்தார், ஆணி என்ற பட்டப்பெயரோடு. முகவெட்டு பொருந்தியது. வேறு காரணம் எதுவும் இல்லை. அவர்மேல் எனக்கென்ன கோபம்.

அந்த வருடம் எண்ணூறு பேர் வந்தார்கள். அடுத்த வருடம் இரண்டாயிரம். படித்த கூட்டம்தான். பட்டம் வாங்கியவர்கள், பட்டம் கொடுக்கிறவர்கள், வரலாற்றுத் துறையில் மட்டும் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவராவது மாடியேறி வந்து, எங்கே அந்த மரணப் பதிவைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. வரலாற்றுத் துறைத் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். என் அறைக்குக் குளிர்சாதனம் வந்தது. கண்ணாடிப் பெட்டி வந்தது. ஒரு பழைய கையுறையை வாங்கி அதில் வைத்துப் பூனையின் கையுறை என்று எழுதினேன். வரிசையில் நின்று பார்த்தார்கள்.

கீழ்க் கல்லூரிக்காரர்கள் மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களைப் பற்றி உயர்வாக நினைத்துவிட்டேன். அவர்களும் ஒரு மலர் போட்டார்கள். அதில் ஆணி உதைத்தது உண்மைதான், ஆனால் பூனைதான் முதலில் கெட்ட வார்த்தை பேசினான் என்று எழுதியிருந்தார்கள். ஆணியின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். பொய்யை மறுக்கத் தெரியாமல் அதிலேயே பங்கு கேட்ட கூட்டம் அது. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இவர்களுக்கு உண்மை தேவையில்லை, முறைத்துப் பார்க்க ஒரு ஆள் தேவை. அதை நான் கொடுத்தேன்.

பிறகு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் கோல்கீப்பர் வெளியே நிற்க, கோல் காலியாக இருப்பது பழைய வழக்கம் என்று எழுதினேன். மறு வருடமே செய்தார்கள். இரண்டாயிரம் பேர் மூச்சுவிடாமல் ஒரு காலி வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தாவாரத்திலிருந்து பார்த்தேன். சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது. அதற்கு அடுத்த வருடம் பந்தத்தை எழுதினேன். ஆட்டம் முடிந்ததும் அந்தக் காலத்து மாணவர்கள் மலரைச் சுருட்டிக் கொளுத்திப் பந்தமாகப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பார்கள், குற்றவாளியின் வாசலில் அதை வைத்துவிட்டுத் திரும்புவார்கள் என்று. பையன்கள் அதையும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். வாசல் எது என்று தெரியாததால் கீழ்க் கல்லூரிக் கேட்டில் போட்டுவிட்டு வந்தார்கள்.

அதிலிருந்துதான் இரண்டு கல்லூரிக்கும் நடுவே தெருவில் இருக்கும் கடைக்காரர்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், பின்னால் இது தேவைப்படும். கடையைத் திறந்து வைத்தால் கல் வரும். பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் பூட்டை உடைத்துச் சரக்கை அள்ளுவார்கள். அதனால் கடைக்காரர் உள்ளே உட்கார்ந்துகொள்வார். தெரிந்தவர் ஒருவர் ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வார். பார்க்கிறவனுக்கு ஆளில்லாத கடை. எவனாவது கை வைத்தால் உள்ளிருந்து சத்தம் கொடுக்கலாம். கூட்டம் கலைந்ததும் சாவிக்காரர் வந்து திறந்துவிடுவார். போட்டியன்று சாயங்காலம் அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் ஆள் இருக்கும், ஒருவராலும் வெளியே வர முடியாது.

தையல்காரர் கடையும் அந்தத் தெருவில்தான் இருந்தது. அவருடைய அப்பா காலத்துக்கும் முன்னாலிருந்து இரண்டு கல்லூரிக்கும் பனியன் தைத்துக் கொடுத்த கடை. எங்கள் சிவப்பும் அவர்கள் நீலமும் ஒரே மேஜையில் வெட்டுவார். ஆணி என்பவர் அவருடைய தாத்தா. படிக்கும்போதே அந்தக் கடையில் அளவு எடுத்து, பிறகு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தவர். எனக்கு இது ஆரம்பத்தில் தெரியாது. வாசகர்கள் கடிதம் போட்டார்கள். ஆணியின் குடும்பம் என்ன ஆனது என்று கேட்டார்கள். கேள்வி கேட்டால் தேடிப் பதில் சொல்வது என் வேலை. தொண்ணூற்றெட்டாவது மலரில் எழுதினேன். அந்தக் குடும்பம் இன்றும் அதே தெருவில், அதே கடையில், நம் பனியன்களையே தைத்துக்கொண்டிருக்கிறது என்று. அது முழுக்க உண்மை. என் மலரில் வந்த சில உண்மைகளில் அது ஒன்று.

அந்த வருடம் பந்தங்கள் சரியான வாசலுக்குப் போயின. ஷட்டர் கருகியது, வேறு பெரிய சேதமில்லை. கண்ணாடி உடைந்தது. பனியன் ஆர்டர் நின்றது.

நூறாவது போட்டிக்கு மூன்று மாதம் முன்னால் அவர் என் அறைக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, எடுக்க மறந்துவிட்டு வந்திருந்தார். கையில் இந்த நோட்டு, துணியில் சுற்றி. உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை.

"சார், நீங்கதான் எழுதறீங்கன்னு சொன்னாங்க. எங்க தாத்தா யாரையும் உதைக்கல சார்" என்றார்.

"உங்க தாத்தாவை நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"சின்ன வயசுல பாத்தது. ஆனா இதைப் பாருங்க. இது அவர் எழுதின அளவு நோட்டு."

திறந்து காட்டினார். முதல் போட்டிக்கு முன்னால் தைத்த சட்டைகளின் அளவு வரிசையாக இருந்தது. பூனை, கோல்கீப்பர் சட்டை, இடுப்பு முப்பது. பிறகு அவர் விரல் பல பக்கங்களைத் தாண்டி, ஏழு வருடம் தள்ளி இன்னொரு வரியில் நின்றது. அதே பூனை, கல்யாணக் கோட்டு, இடுப்பு முப்பத்து நாலு. பக்கத்தில் அதே கையெழுத்தில் ஒரு குறிப்பு: நன்றாகச் சாப்பிடுகிறான் போலிருக்கிறது.

"செத்துப்போன ஆளுக்கு இடுப்பு நாலு இஞ்ச் எப்படி சார் கூடும்?" என்று கேட்டார்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருடத்தில் இத்தனை பட்டதாரிகளில் ஒருவருக்கும் தோன்றாதது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒரு தையல்காரர் இஞ்ச் டேப்பை வைத்துக்கொண்டு என் மொத்த வரலாற்றையும் அளந்துவிட்டார். இவரை மட்டும் முன்பே வேலைக்கு வைத்திருந்தால் வரலாற்றுத் துறை ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

அவர் பேசிக்கொண்டே போனார். அவருடைய பெண் எங்கள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் பெஞ்சில் எரிந்த மலர் ஒன்றை யாரோ வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் கல்லூரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"கீழ்க் கல்லூரியில சேத்துக்கறோம்னாங்க. மேடையில ஏத்தி எனக்கு மாலை போடறேன்னாங்க, ஆணியோட பேரன்னு. எங்க தாத்தா கொலை பண்ணலைங்கன்னு சொன்னேன். அவங்களுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. கொலை பண்ணினாத்தான் மரியாதையாம் சார்" என்றார். பிறகு, "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ரெண்டே ரெண்டு வரி. தப்பா அச்சாயிடுச்சு, அந்த மனுஷன் யாரையும் கொல்லலன்னு போடுங்க. அதை வெட்டி எடுத்துக்கிட்டு என் பொண்ணு மறுபடி காலேஜுக்குப் போவா. போறேன்னு சொல்லியிருக்கா."

பார்க்கிறேன், சரிபார்க்க வேண்டும், நோட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் படியிறங்குவதற்குள் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். தையல் அளவு நோட்டு, ஒன்று, கொடுத்தவர் இன்னார், பெற்ற தேதி இன்னது. நீங்கள் அந்த வரியைக் காட்டித்தான் என்னை மடக்கியதாக நினைக்கிறீர்கள். நோட்டை எரித்திருக்கலாமே என்று உங்கள் எழுத்தர் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. தாளை எரிக்க நான் என்ன அந்தப் பையன்களா. என் அறைக்குள் வந்த எதுவும் பதிவாகாமல் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை தோறும் வந்தார். சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பேன். சரிங்க சார் என்று போய்விடுவார். ஒருமுறை பிரின்சிபாலிடமே போனாராம். "அதெல்லாம் மாடியில சாரைத்தான் கேக்கணும்" என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒருமுறை என் சட்டைக் கையைப் பார்த்துவிட்டு, தையல் விட்டிருக்கிறது, கழற்றிக் கொடுங்கள், இரண்டு நிமிடம் என்றார். வேண்டாம் என்றேன்.

ஏன் அந்த இரண்டு வரியைப் போடவில்லை என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். இரண்டு வரி போட்டால் பூனை சாகவில்லை. பூனை சாகவில்லை என்றால் காலி கோல் கிடையாது, பந்தம் கிடையாது, கையுறை கிடையாது. மறுபடி நாற்பத்து மூன்று பேர். மறுபடி சைக்கிள் ஷெட். ஒரு தாத்தாவுக்காக ஆயிரத்து நானூறு கட்டு மழையில் நனைய வேண்டுமா. தராசில் வைத்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் பார்த்தேன்.

நூறாவது மலரைப் பளபளப்பான தாளில் அடிக்கலாம் என்று பிரின்சிபால் ஆசைப்பட்டார். அந்தத் தாள் சரியாகப் பற்றாது, புகையும். சாதாரணத் தாளே போதும் என்றேன். அச்சகத்துக்காரரைக் கேட்டால் சொல்வார்.

போட்டியன்று காலை அவர் வந்தார். மலரை வாங்கிப் பார்த்திருந்தார். அட்டையிலிருந்து அட்டை வரை தேடியிருக்கிறார், இரண்டு வரியைக் காணோம். கோபப்படுவார் என்று நினைத்தேன். குரல்கூட உயரவில்லை.

"நோட்டைக் கொடுத்துடுங்க சார். சாயங்காலம் அந்த ஒரு நிமிஷம் எல்லாரும் சும்மா நிப்பாங்களே, அப்போ நானே மைக்குல படிச்சிடறேன். ரெண்டு வரிதானே."

சொல்லக்கூடியவர்தான். அந்த ஒரு நிமிடத்தில் இரண்டாயிரம் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த நிமிடத்தை உண்டாக்கிக் கொடுத்ததே நான்.

"நீங்க மைதானத்துக்கு வந்தா உயிரோட திரும்ப மாட்டீங்க" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன். "வழக்கம்போலக் கடைக்குள்ளயே இருங்க. நானே வந்து பூட்டிட்டுப் போறேன். பரிசு கொடுத்து முடிஞ்சதும் பிரின்சிபாலைக் கூட்டிக்கிட்டு நோட்டோட வந்து திறக்கறேன். அவர் வாயாலயே தெருவுல வச்சுச் சொல்லவைக்கறேன்."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "உங்களைத்தான் சார் நம்பியிருக்கேன்" என்று சொல்லி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விரல் நுனிகள் ஊசி குத்திக் காய்த்துச் சொரசொரப்பாக இருந்தன. நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

மதியம் இரண்டரைக்குப் போனேன். கடை நான் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு மேஜை, இரண்டு மெஷின், சுவரோரம் யாரும் வாங்க வராத சிவப்புப் பனியன்கள் மடித்து அடுக்கியிருந்தன. பின்பக்கம் கதவு இல்லை, மேலே ஒரு சின்னக் காற்றுத்துவாரம். மனைவியையும் பெண்ணையும் மச்சினி வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். வாசலில் வெட்டுத்துணி மூட்டை இரண்டு கிடந்தன. உள்ளே வைத்தால் உட்கார இடமிருக்காது என்றார். நான் சரி என்றேன். வேட்டியை மாற்றிக்கொண்டு நல்ல சட்டை போட்டிருந்தார், பிரின்சிபால் வருகிறார் அல்லவா. ஷட்டரை நான்தான் இறக்கினேன். கீழே நான்கு விரல் இடைவெளி விட்டது, அது எப்போதும் அப்படித்தானாம். பூட்டை மாட்டி இழுத்துப் பார்த்தேன்.

"பூட்டிடுச்சா சார்?" என்று உள்ளிருந்து கேட்டார்.

பூட்டிவிட்டது என்றேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்கொரு கோல். நூறு வருடத்தில் இவர்கள் அடைந்த முன்னேற்றம் பந்து வெடிக்காதது ஒன்றுதான். ஐந்தேகாலுக்கு முடிந்தது. ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை, அந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் பையன்கள் நின்றார்கள். அவர்கள் கையில் மலர் இருந்தது. பதினெட்டாம் பக்கத்தில் வழக்கம் எழுதியிருந்தது. ஐந்தரைக்குத் தெருவில் இறங்கினார்கள்.

நான் மேடையில் இருந்தேன். பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள், நூற்றாண்டு வரலாற்றாசிரியர் என்று. செல்பேசியைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன், மேடையில் அது மணியடித்தால் நாகரிகமில்லை. அவர் ஏழு தடவை அழைத்திருக்கிறார். முதலாவது ஐந்து முப்பத்தெட்டு, கடைசி ஐந்து ஐம்பத்தொன்று. உங்கள் தாளில் ஆறு தடவை என்று இருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் அது அதிரும்போதெல்லாம் பக்கத்திலிருந்த சாவியில் பட்டது. எனக்குத் தெரிந்தது. யார் அழைக்கிறார் என்றும் தெரிந்தது.

தெருவில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், எதிர்க்கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருப்பார். பந்தம் விழுந்து வாசல் மூட்டை பற்றியதையும், தீ அந்த நான்கு விரல் இடைவெளி வழியாக உள்ளே போனதையும் ஷட்டர் இடுக்கு வழியாக அவர் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர் சுவரைத் தட்டித் தட்டிக் கையை உடைத்துக்கொண்டார். எல்லாரும் உள்ளே இருந்தார்கள், எல்லாச் சாவியும் வெளியே இருந்தது. வெளியே இருந்த பையன்களோ ஆளில்லாத கடை என்றுதான் நினைத்திருக்கிறார்கள். உள்ளிருந்து வந்த சத்தத்தைத் தங்கள் சத்தத்தில் அவர்கள் கேட்கவில்லை. அதை நான் நம்புகிறேன். கத்தும்போது காது கேட்காத பிள்ளைகள்தான்.

பரிசளிப்பு ஆறு பத்துக்கு முடிந்தது. பரிசு கொடுத்து முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் வருவதாக நான் சொல்லவே இல்லை. ஆறேகாலுக்குத் தெருமுனைக்குப் போனபோது தீயணைப்பு வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. திரும்பி வந்துவிட்டேன்.

எப்போது முடிவு செய்தீர்கள் என்று நேற்றிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நான் முடிவு என்று தனியாக எதுவும் செய்யவில்லை. எழுதினேன், அவர்கள் படித்தார்கள், பூட்டினேன், அவர்கள் கொளுத்தினார்கள். ஒப்புக்கொள்கிறீர்களா என்றால் ஒப்புக்கொள்கிறேன். திறந்தால் பிழைப்பார் என்று தெரிந்தே திறக்கவில்லை. பையன்களை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, ஆனால் அவர்களுக்கு இதில் பெருமை சேர்க்காதீர்கள். இவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலையைச் செய்யும் திறமை அவர்களுக்குக் கிடையாது.

இப்போது கண்ணாடிப் பெட்டிக்கு வருவோம். சாவியை ஆற்றில் வீசியிருக்கலாம், கிணற்றில் போட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நூறாவது போட்டியிலிருந்து எஞ்சிய ஒரே பொருள் அது. பொய்க் கையுறைக்குப் பக்கத்தில் முதல்முறையாக ஒரு நிஜப் பொருள். அதை எப்படி வீச மனம் வரும். துடைத்துப் பெட்டியில் வைத்து, சின்ன அட்டையில் எழுதினேன்: நூறாவது போட்டி. கொலைகாரன் பேரனின் கடைச் சாவி.

மறுநாள் காலையில் அதைப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. அச்சில் என்ன வந்தாலும் பெட்டிக்குள் இருக்கும் அட்டை தப்பாக இருக்கக் கூடாது. பேனாவை எடுத்துக் கொலைகாரன் பேரன் என்பதை அடித்துவிட்டுத் தையல்காரர் என்று மேலே எழுதினேன். நீங்கள் உற்றுப் பார்த்தது அந்த அடித்தலைத்தான். அதன் அர்த்தம் உங்களுக்குப் புரிந்திருக்காது. அவர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த திருத்தம் அதுதான். அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், மாடியில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கேட்டதைக் கொடுத்துவிட்டேன், இனி அவருக்கு என்மேல் மனக்குறை இருக்க நியாயமில்லை.